ட்ரெமோலோ பெட்டிக்குள் ஈரத்தோல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு ஆம்பூர் வெயிலில் தோலாய்க் காயட்டும்.

பத்து மணி வெயில் மேசைமேல் விழுகிறது. பதினொன்றுக்கு சர்ச்சில் கல்யாணம். அங்கே கிதார் வாசிக்கவேண்டிய இருதயராஜ், ஒலியை அலையலையாய் நடுங்கவைக்கும் ட்ரெமோலோ பெட்டியைத் திறந்து முகம் சுளிக்கிறார். சர்க்யூட்டுக்கு அடியில், பாதி பதனிட்ட நீலத்தோல் துண்டு ஈரத்தோடு பிசுபிசுக்கிறது. "இன்னா பாய் இது, கருமம்?" நேற்று அதைப் பழுதுபார்த்த தோல் ஃபேக்டரி ரஷீத் பெருமையாய்ச் சிரிக்கிறார். "ஷார்ட் ஆவக்கூடாதுன்னு வெச்சேன் தோஸ்த். எக்ஸ்போர்ட் குவாலிட்டி." "ஈரமும் உப்பும் கரண்ட்டை வுடும் பாய்! கீழ்சுரத்தையும் மேல்சுரத்தையும் தனித்தனியா பிரிக்கிற ஃபில்டரே பூட்ச்சி." துண்டை இடுக்கியால் பிய்த்தெறிந்து, சர்க்யூட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, தந்தியை மீட்டுகிறார். ஃபில்டர் இப்போது ஒழுங்காகப் பிரிக்கிறது. கீழ்சுரம் எழும்போது ஸ்பீக்கரிலிருந்து பதனிடாத பச்சைத்தோலின் அழுகல் வீசுகிறது. மேல்சுரம் எழும்போது சாயத்தின் காரம். மாறி மாறி, தாளம் பிசகாமல். ஸ்பீக்கர்மேல் உட்கார்ந்திருந்த ஈ மயங்கி விழுகிறது. இருதயராஜ் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். "இந்த நாத்தத்தையா பாய் பொண்ணு மாப்பிள்ளைக்கு வாசிக்கறது?"

இருதயராஜுக்குப் பிறந்ததிலிருந்தே எந்த வாசனையும் தெரியாது.