மடியில் வைத்த அடுப்பு

மரகதவல்லியைக் கேஸ் அடுப்பு கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் பக்கத்திலிருந்த கரண்ட் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் இறந்த பிறகு, அந்த அடுப்பின் கம்பிச்சுருள் அறுந்தபோதெல்லாம் அவள் கணவர் அதை மடியில் வைத்து, முனைகளை முறுக்கி இணைத்தார்.

"சீக்காளிக்குத்தான் இங்கே சீராட்டு!" என்றது கேஸ் அடுப்பு.

"கோபப்படாதீங்க அண்ணே. முறுக்க முறுக்க என் கம்பி குட்டையாகுது. அப்புறம் அவர் உங்களுக்குத்தான்."

"அதுவரைக்கும் நான் பார்த்துக்கிட்டே நிக்கணுமா?"

மறுநாள் கேஸ் அடுப்பு வேண்டுமென்றே எரியாமல் கிடந்தது. கேஸில் நாமே கைவைக்கக் கூடாது என்ற பயம் அவருக்கு. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

ஆடி மாதம் கரண்ட் அடுப்பின் கம்பி மறுபடி அறுந்தது. முறுக்க நீளம் போதவில்லை. அவர் இப்போது மெஸ்ஸில் சாப்பிடுகிறார். அடுப்பு மேடைமேல்தான் இருக்கிறது.