தோல் சீவாத ஆப்பிள்

"இதைச் சாப்பிட்டா நான் செத்துருவேன் தம்பி. தட்டை எடுத்துட்டுப் போயிடு."

பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாற்பது நாளாக இதே பாட்டுதான். ஆள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். எழுந்து நின்றால் கால் வெடவெடத்தது.

சமையல்காரர் இந்த வேலைக்குப் புதுசு. விஷத்துக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்து, வதக்கிய வெங்காயத்தில் ஒரு கரண்டி அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"பாருங்க, நான் செத்தா போயிட்டேன்?"

"பக்கத்து அறைக்காரனும் நல்லாத்தான் தின்னான். போன மாசம் கொண்டுபோயிட்டாங்க."

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். ஆனாலும் மனுஷன் விடவில்லை. டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்து, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"சிவப்பு வெங்காயம், ப்ரோக்கோலி, ஆப்பிள். இதுல எல்லாம் குவெர்செடின்னு ஒரு ஆன்டிஆக்சிடன்ட் இருக்காம். ரத்தக் குழாய்க்கு நல்லதுங்கறார். ஆப்பிள்ல அது தோல்லதான் அதிகமாம்."

"எனக்குத் தோல் ஆகாது. சீவிக் குடு, தின்னறேன்" என்றார் பெரியவர் வீம்பாக.

"இந்த அறைக்குள்ள கத்தி கொண்டுவரக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? கடிச்சுத்தான் தின்னணும்."

"அப்ப வேண்டாம்."

சமையல்காரர் அழுதேவிட்டார். "எங்கப்பாவும் இப்படித்தான் சாப்பிடாமலே போய்ச் சேர்ந்தார். இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாதுங்க."

பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சுவர்களுக்குள் அவருக்காக அழுத முதல் ஆள் இவர்தான். பசியும் சேர்ந்துகொண்டது.

"அழாதேப்பா. நடக்கறது நடக்கட்டும்." ஆப்பிளை வாங்கி ஒரு கடி கடித்தார்.

அப்புறம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மாத்திரையும் சாப்பாடுமாக ஒன்றரை மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. சமையல்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெரியவர் மட்டும் ஒவ்வொரு தட்டும் காலியானதும், நெடுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை டாக்டர் வந்தார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டார். கூட வந்த அதிகாரி கோப்பைத் திறந்தார். கதவோரம் நின்ற சமையல்காரர், "எல்லாம் நம்ம கைப்பக்குவம் சார்" என்று சிரித்தார்.

"முழுசா குணமாயிட்டாரா டாக்டர்? அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடக் கூடாது."

"கல்லுக்குண்டு மாதிரி இருக்கான் சார். நாளைக்கே தூக்குல போட்டுடலாம்."