மூன்றாவது டெமோ வகுப்பு

“என் பேரு அனு” என்றாள் மகள், லேப்டாப்பைப் பார்த்து.

அவள் பெயர் அனு இல்லை.

கேமராவில் தெரியாதபடி தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். பெற்றவளுக்கே புதுப் பெயர்.

பவானி. அதுதான் பெயர். நாலாம் வகுப்பு. ப-வில் தொடங்கும் எந்தச் சொல்லும் பிள்ளைக்கு உதட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் இறுக மூடும். சொல் மட்டும் வராது.

பெயர் வைத்தவள் இவள்தான். வேறு பெயரா கிடைக்கவில்லை என்று எத்தனையோ முறை தன்னையே நொந்துகொண்டிருக்கிறாள்.

“ஓகே அனு! மூணு நாலு எவ்வளவு?” என்றார் திரையில் இருந்த இளைஞர். துடிப்பானவர்.

மகள் உதட்டை மூடினாள். திறந்தாள்.

“எட்டு.”

காலையில்தான் இட்லிப் பானையைத் திறந்ததும், மூன்று தட்டு, தட்டுக்கு நாலு என்று பார்த்து, பத்து விரலையும் பிறகு இரண்டு விரலையும் காட்டிச் சிரித்தவள். பன்னிரண்டு அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வராது. எட்டு சொல்ல வரும், சொல்லிவிட்டாள்.

அந்த முதல் டெமோ முடிந்த கையோடு ஆன்லைன் ட்யூஷன் கம்பெனியிலிருந்து போன்.

“பேசிக்ஸே வீக்கா இருக்கு மேடம்.”

அப்படி இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், இருக்கிற எல்லாப் பேக்கேஜையும் ஒப்பித்து முடித்துவிட்டார்கள்.

பள்ளியிலும் இதே பாட்டுதான். கணக்கு ஏறவில்லை, ட்யூஷன் வையுங்கள். யார் வேண்டுமானாலும் பிள்ளையை மக்கு என்று நினைத்துவிட்டுப் போகட்டும். பிள்ளையே அதை நம்பிவிட்டால்?

அந்தப் பயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

இரண்டாவது டெமோவில் ஒரு பெண். அன்பானவர். அந்த அன்புக்குக் கொஞ்சம் அவசரம்.

மகள் உதட்டை மூடியதுமே, “பிரியாவா? பூஜாவா?” என்று எடுத்துக் கொடுத்தார்.

மகள் தலையாட்டினாள். வகுப்பு முடியும்வரை பூஜாவாகவே இருந்தாள்.

அவரைக் குறை சொல்ல இவளுக்கு வாயில்லை. வீட்டில் இவளும் அதைத்தானே செய்கிறாள்? பென்சிலா, பசியா, பாத்ரூமா என்று வரிசையாகக் கேட்டுவிடுவாள். பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எந்த மனம் கேட்கும்?

மூன்றாவது டெமோ சனிக்கிழமை சாயங்காலம்.

அடுப்பில் பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு, பீன்ஸோடு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் காட்டன் புடவை கட்டிய ஒரு டீச்சர். பின்சுவரில் போன மாதத்துக் காலண்டர்.

“உம் பேரு என்ன கண்ணு?”

மகள் உதட்டை மூடினாள்.

திரையில் டீச்சரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் அசையவில்லை. கை அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

போச்சு. இந்த நேரம் பார்த்துத்தானா நெட் போக வேண்டும்?

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். மோடத்தில் எல்லாப் பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் வயரைப் பிடித்தாள்.

“நெட் போயிருச்சு சாமி, இரு, புடுங்கி மாட்டறேன்.”

திரையில் இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன.

“நெட்டெல்லாம் இருக்குதுங்க. பாப்பா சொல்லிட்டு இருக்கா. நான் கேட்டுட்டு இருக்கேன்.”

அவள் வயரைப் பிடித்தபடியே நின்றாள்.

மகளின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடியது. மேலே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு பெயர். பெற்றவள் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“ப... ப... பவானி.”

டீச்சர் கைதட்டவில்லை. சபாஷ் சொல்லவில்லை.

“சரி பவானி, புக்கை எடு” என்றார், தினமும் பார்க்கிற பிள்ளையிடம் சொல்வதுபோல.

அம்மா பீன்ஸையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள் அறையிலிருந்து டீச்சரின் குரல், “மூணு நாலு எவ்வளவு?” யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில், “ப... பன்னெண்டு.”

கைப்பிடித் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான். கொஞ்சம் வெட்கமும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விட்ட பீன்ஸை நறுக்கத் தொடங்கினாள். எந்த வகுப்பில் சேர்ப்பது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்து மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்த பார்வை அம்மாவின் தலையைத் தாண்டிப் போனது. கண் விரிந்தது. உதடு மூடியது.

பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம். தீய்ந்த வாசனை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதி எழுந்தேவிட்டாள்.

மறுபடி உட்கார்ந்தாள்.

திரும்பவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ப... பா...”

அடுப்பு மேடையிலிருந்து தரையில் சொட்டும் சத்தம் கேட்டது.

“பால் பொங்கிருச்சும்மா.”

“அப்படியா சாமி?” என்றாள்.

அதற்குப் பிறகுதான் எழுந்து அடுப்பை அணைத்தாள்.