எழுநூறு கிலோ

காட்டுக்குப் புறப்பட்ட ஜீப்பின் பின்னால், படுத்துத் தூங்க வசதியுள்ள ஒரு டிரெய்லரை மாட்டினார்கள்.

"நீ எவ்வளவு கனம்?" என்று ஜீப் கேட்டது.

"எழுநூறு கிலோ. கடையிலேயே எடை போட்டாங்க."

"அப்போ நீ காலியா இருந்தே," என்றது இரண்டையும் பிணைத்திருந்த கொக்கி. "இப்போ தண்ணித் தொட்டி நிறைஞ்சிருக்கு. சிலிண்டர், அரிசி மூட்டை வேற. தொட்டியையாவது திறந்து விடு."

"நீ சும்மா இரு," என்றது ஜீப். தார் ரோட்டில் டிரெய்லர் வருவதே அதற்குத் தெரியவில்லை.

மண்பாதை இறக்கத்தில் ஜீப் பிரேக் போட்டது. சக்கரங்கள் நின்றும் வழுக்கிக்கொண்டே போனது.

"தள்ளாதே."

"நான் தள்ளலை. நான் எழுநூறு கிலோதான்."

இரண்டும் பள்ளத்தில் விழுந்தன. உடைந்த தொட்டியிலிருந்து கடைசிச் சொட்டும் வடிந்தது.

"இப்போ எடை போட்டுப் பாரு," என்றது டிரெய்லர்.

அதன் அடியில் ஜீப் நசுங்கிக் கிடந்தது.