ஏழாம் நம்பர் மலையின் பூ

போனைப் பார்த்துக்கொண்டே தேயிலைக்குள் நடந்தால் என்ன ஆகும் என்பதை, ஏழாம் நம்பர் மலையின் வடிகால் கானுக்குள் முழங்கால் சேற்றில் நின்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். மேலே கொழுந்தெடுக்கும் மீனம்மாக்கா, "சேர், அங்க என்ன பூச்சி கெடைச்சிச்சு?" என்று கேட்க, நிரை முழுக்கச் சிரிக்கிறது. நானும் சிரித்தபடி நிமிர்கிறேன். கண்ணுக்கு நேரே கான் கரை. போன ஞாயிறு இங்கே காட்டுக் காசித்தும்பை ஒரு கொத்து ஊதாவாய்ப் பூத்திருந்தது. ஒரு பூவுக்குள் பச்சை வண்டொன்று தலைகீழாய்ப் புகுந்திருந்ததைப் போனில் படமெடுத்தேன். இன்று இலைகள் வெந்த கீரையாய்த் தொங்குகின்றன. மருந்து நெடி மூக்கில் ஏறுகிறது. பனியை விலக்கி வந்த வெயில், கருகிய பூக்களை ஒவ்வொன்றாக அக்கறையோடு காட்டுகிறது. இந்தக் கரைக்கு மட்டும் களை கருக்கும் புல்லு மருந்து அடிக்கமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தவன், இந்த மலையின் வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு, என்னோடு பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்த விமலேந்திரன். அவன் மேட்டில் நின்று குடையை விரிக்கிறான், மடக்குகிறான்.

"யாருடா அடிச்சது?"

"மழைக்கு அழுகியிருக்கும் மச்சான்."

"பக்கத்துத் தேயிலை மட்டும் பளபளன்னு நிக்குது?"

தூக்கிவிடக் கை நீட்டுகிறான். நான் பிடிக்கவில்லை. "விமல், என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

குடை அசையாமல் நிற்கிறது.

"நான்தான் அடிக்கச் சொன்னேன். நீ மலை நம்பரோட ஃபேஸ்புக்ல போட்ட படத்த, தோட்டத்துத் தொரை காலையில பேர் போடுற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால காட்டி, ஒன் மலையில இவ்வளவு புல்லான்னு கேட்டாரு மச்சான்."