கண்ணாடி போடாத ஹெலன்

நாமக்கல் கோழித்தீவனக் கம்பெனியில் புள்ளிவிவரம் பார்க்கும் ஹெலனுக்குக் கண்ணாடிக்காரர்கள் என்றாலே இளக்காரம்.

“அம்பது வயசாச்சு, இன்னும் எனக்குக் கண்ணாடி வேணாமுங்க சார்!” என்று மேனேஜர் கலையரசனைத் தினமும் சீண்டுவாள்.

திரை சுவரைப் பார்த்திருந்ததால் யார் கண்ணிலும் படாத அவளுடைய பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சர்வீஸ்காரர் சென்றாயன் புதியதை ஹாலுக்கு நடுவே மாட்டினார்.

“புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல உங்க பழைய செட்டிங்கையும் கொண்டாந்துட்டேனுங்க்கா.”

“ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? புதுசாவே இருக்கட்டும்!”

“சிரமமே இல்லீங்க. தொறந்ததுமே நீங்க வெச்சிருந்த மாதிரியே வந்துருமுங்க.”

ஆபீசே எட்டிப் பார்க்க, அவர் பட்டனைத் தட்டினார். திரை முழுக்க நாலே எண்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் வாத்து முட்டை அளவு.

வாசலில் நின்ற கலையரசன் தன் சோடாபுட்டிக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார்.

“ஏனுங்க ஹெலன் மேடம், இனி எனக்கும் வேணாமுங்க!”