இன்வர்னஸுக்கு ஒரு கேரவன்

“டொன்காஸ்டருக்கு முன்னம் நிப்பாட்டவே கூடாது அண்ணை. பின்னால கேரவனை இழுத்துக்கொண்டு நிண்டு நிண்டு போனா இருட்டுக்குள்ள மாட்டுப்படுவியள்,” என்றான் குலசேகரம். சாப்பாட்டு மேசையை முழுதாக மூடியிருந்த வரைபடத்தில் அவன் விரல் வடக்கு நோக்கி நகர்ந்தது.

எதிரே கிறிஸ்துநாயகமும் அவர் மனைவி அஞ்சலீனாவும் குளிர்கோட்டைக் கழற்றாமலே இருந்தார்கள். ஃபாரஸ்ட் கேட் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் ‘கேரவன் விற்பனைக்கு’ என்று அவன் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். நத்தார்ப் பண்டிகைக்கு அஞ்சலீனாவின் தம்பியிடம் இன்வர்னஸுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் நாலு, தம்பியின் ஃபிளாட்டில் அறை ஒன்று. படுக்கையும் அடுப்புமுள்ள கேரவன் இருந்தால் சமாளிக்கலாம்.

பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போக வந்தவர்களை அவன் ஒன்றரை மணித்தியாலமாகப் பிடித்து வைத்திருந்தான். பேராதனையில் புவியியல் படித்தவன். அந்தப் பட்டத்தை லண்டனில் மதித்தது இந்தச் சாப்பாட்டு மேசை ஒன்றுதான்.

“அடுப்புக்கும் ஹீட்டருக்கும் சிவப்புச் சிலிண்டர்தான் வாங்க வேணும். நீலத்தில இருக்கிற காஸ் குளிருக்கு வெளியில வராது. முதல் வருஷம் நான் நீலத்தை வாங்கி, பேர்த்துக்குக் கிட்ட ரெண்டு பேரும் வெறும் பாணைத் திண்டுபோட்டு நடுங்கிக்கொண்டு படுத்தனாங்கள்.”

கிறிஸ்துநாயகம் சிரித்தார். “அப்ப நீர் படிச்ச படிப்பு?”

“அதில காஸைப் பற்றி ஒண்டும் சொல்லித்தரேல்லை அண்ணை.”

எண்பத்தெட்டிலிருந்து மூன்று குளிர்காலம் அவனும் மனைவி கலாவதியும் மட்டும் போய்வந்த பாதை அது. மனோர் பார்க் முருகன் கோயிலில் அவனுக்குக் ‘கேரவன் குலம்’ என்று பெயர். பனிக்குள் ஸ்கொட்லாந்து வரை வண்டி இழுத்த சூரன் என்று ஆட்கள் காட்டும்போது அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். பக்கத்தில் கலாவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

போன மார்ச்சில் தலையிடி என்றாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. அவளுக்கு முப்பது வயது.

காரை அப்போதே விற்றுவிட்டான். கேரவன் மட்டும் அன்றிலிருந்து வீட்டின் பக்கச் சுவரோரம் நிற்கிறது. குசினி யன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும் என்பதால் அவன் யன்னலுக்கு ஒரு பழைய பெட்ஷீட்டை ஆணியடித்து வைத்திருந்தான். இன்றைக்கு எப்படியாவது விற்றுவிட வேண்டும். இன்னொரு டிசம்பரை அதோடு கழிக்க அவனால் முடியாது.

“அக்கா, இனித்தான் முக்கியம். நீங்கள் கவனமாக் கேளுங்கோ,” என்று அஞ்சலீனாவின் பக்கம் திரும்பினான். குரலில் திடீரென்று ஒரு சுறுசுறுப்பு வந்தது.

“மேப்பை நாலா மடிச்சு மடியில வையுங்கோ, விரிச்சா முன்கண்ணாடியை மறைக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா தேத்தண்ணி, அரைக் கோப்பைதான் ஊத்த வேணும். தோடம்பழத்தை உரிச்சு, விதை எடுத்து, ஒவ்வொரு சுளையாக் குடுங்கோ. உங்களுக்கு நித்திரை வந்தா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூங்குங்கோ, பிடிபடமாட்டியள்.”

அஞ்சலீனா கன்னத்தில் கை வைத்தாள். “மாதாவே, இவ்வளவும் உங்கட மனுசியே செய்தவ? பாவம். நான் சும்மா குந்தியிருந்து போற வேலையெண்டெல்லோ நினைச்சன்.”

“அந்த வேலைக்கு மரியாதை இல்லை அக்கா. பேச்சுத்தான் கிடைக்கும்,” என்றான் குலசேகரம்.

கிறிஸ்துநாயகம் நாடியைச் சொறிந்தார். “எல்லாம் சரி தம்பி. எனக்கு உந்த ரிவர்ஸ்தான் பயமாக் கிடக்கு.”

“லேசு அண்ணை. கேரவன் வலப்பக்கம் போக வேணுமெண்டா ஸ்டீரிங்கை இடப்பக்கம் திருப்புங்கோ. கண்ணாடியில தெரியிறதை நம்புங்கோ. பக்கத்தில இருந்து கத்துறவையை மட்டும் நம்பாதேங்கோ.”

“சொல்ல லேசுதான் ஐசே. வாரும், என்ர காரில கொளுவி வெளியில எடுத்து, திரும்ப ரிவர்ஸில உள்ளுக்கு விட்டுக்காட்டும். ஒருக்காக் கண்ணால பாத்திட்டனெண்டா இப்பவே கொண்டுபோறன். இல்லாட்டி எனக்கு உது வேண்டாம்.”

குலசேகரம் கையுறையைத் தேடி எடுத்தான்.

வெளியே கிறிஸ்துநாயகம் தன் காரை மெல்லப் பின்பக்கமாகக் கொண்டுவந்து கேரவனுக்கு முன் நிறுத்தி இறங்கினார். குலசேகரம் கொக்கியைக் கொளுவினான், விளக்கு வயரைச் சொருகினான், நாலு மூலைத் தாங்குகால்களையும் சுழற்றி மேலே ஏற்றினான். நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

“பாத்தீரே, சூரன் எண்டது சும்மா இல்லை,” என்றார் கிறிஸ்துநாயகம் மனைவியிடம். சாவியை அவனிடம் நீட்டினார்.

குலசேகரம் சாவியை வாங்கினான். நேராகப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். சாவியைக் கொடுக்க வலப்பக்கம் கையை நீட்டியவன், நீட்டியபடியே இருந்தான்.

கிறிஸ்துநாயகம் குனிந்து கண்ணாடியைத் தட்டினார். “என்ன தம்பி, அங்கால ஏறிக் குந்தியிருக்கிறீர்? ஓடிக்காட்டும்!”

குலசேகரம் கண்ணாடியை இறக்கினான்.

“எனக்குக் கார் ஓடத் தெரியாது அண்ணை. ஓடினது அவள்.”